தீவுக்குக் கிளம்புமுன் நாள்காட்டியைப் பாருங்கள்

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில், ஓர் ஒட்டுக்கடைக்குப் பக்கத்தில் என் அலுவலகம். அலுவலகம் என்று சொல்கிறேனே தவிர, ஒரு மேசை, நான்கு நாற்காலி, வாசலில் இரண்டு வேன், அவ்வளவுதான். பதினெட்டு வருடமாக இந்த வட்டாரத்துத் தோட்டங்களிலிருந்தும் தாமான் குடியிருப்புகளிலிருந்தும் ஆட்களை ஏற்றிக்கொண்டு போகிறேன். கல்யாணம், பத்துமலை, கேமரன் மலை, அப்புறம் தீவு. முன்பெல்லாம் தீவு என்றால் பங்கோர் மட்டும்தான். இப்போது கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டி, "அண்ணே, இந்தக் கடற்கரைக்குப் போகணும்" என்கிறார்கள். நீலத் தண்ணீர், வெள்ளை மணல், சாய்ந்து நிற்கும் ஒரு தென்னை. எந்த மாதம் எடுத்த படம் என்று அதில் எழுதியிருக்காது. நான் முதலில் கேட்பது அதைத்தான்: எந்த மாதம் போகிறீர்கள்?

செம்பனைத் தோட்டத்தில் கிராணியாக வேலை செய்யும் தம்பி ஒருவர் நவம்பர் கடைசியில் வந்தார். பதினான்கு பேர், டிசம்பர் மூன்றாம் வாரம், பெர்ஹெந்தியான். வேன் மட்டும் வேண்டுமாம். தங்குமிடத்துக்கு யாரோ ஓர் ஆளிடம் முன்பணம் ஏற்கெனவே கட்டியாகிவிட்டது. நான் அவருக்கு ஒரு தே தாரிக் வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் பேச ஆரம்பித்தேன். பெர்ஹெந்தியான் என்றால் மலாயில் நின்று போகும் இடம். டிசம்பரில் அங்கே எல்லாமே நின்றுவிடும். படகு இல்லை, கடை இல்லை, பெரும்பாலான தங்குமிடங்களில் ஆளே இல்லை.

காரணம் வடகிழக்குப் பருவக்காற்று. நவம்பரிலிருந்து மார்ச் வரை தென்சீனக் கடலிலிருந்து நேராக வீசி, கிளந்தான், திரங்கானு, பகாங், ஜொகூரின் கிழக்குக் கரை எல்லாவற்றையும் அடிக்கும். மழையை மட்டும் நினைத்துக்கொண்டு, "குடை எடுத்துப் போனால் சரி" என்று சொல்கிறவர்கள் உண்டு. மழை இல்லாத நாளிலும் அலை ஆளுயரம் எழும்பும்; சின்ன விசைப்படகு அதில் போக முடியாது. பெர்ஹெந்தியான், ரெடாங், காப்பாஸ், தியோமான் எல்லாம் இந்தப் பக்கம்தான். அங்கே போக நல்ல காலம் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை. மேற்கே லங்காவிக்குக் கணக்கு வேறு. டிசம்பர் முதல் மார்ச் வரை அங்கே வெயில். ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை நல்ல மழை.

இதில் நமக்கு ஒரு சிக்கல். சில வருடங்கள் பள்ளி ஆண்டு மார்ச் பக்கம் போயிருந்தது. 2026இலிருந்து மறுபடியும் ஜனவரியில் தொடங்குவதால், நீண்ட விடுமுறை பழையபடி டிசம்பரில் வந்து விழுகிறது. பிள்ளைகளுக்கு லீவு, அப்பாவுக்குக் கையில் போனஸ், கிழக்கே கடல் மூடியிருக்கிறது. டிசம்பரில்தான் முடியும் என்றால் லங்காவிக்குப் போங்கள். கிழக்குக் கரைதான் வேண்டும் என்றால் ஆண்டு நடுவில் வரும் பள்ளி விடுமுறைக்குக் காத்திருங்கள். அந்தத் தம்பி லங்காவிக்குப் போனார். முன்பணம் திரும்பி வரவில்லை.

மாதம் முடிவான பிறகு என் இரண்டாவது கேள்வி: யார் யார் வருகிறார்கள்? இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன்.

பல வருடங்களுக்கு முன்னால் ஒரு குடும்பத்தைக் கிழக்குக் கரைத் தீவு ஒன்றுக்கு அனுப்பி, நானும் கூடப் போனேன். கூட்டத்தில் ஒரு பாட்டி. ஐந்து வயதில் தமிழ்நாட்டிலிருந்து ரஜுலா கப்பலில் வந்தவர். அதற்கப்புறம் லயத்து வீடு, பால்மரம் என்று காலம் போனதில் கடலைத் தொட்டதே இல்லை. தங்குமிடத்துக்குத் தொலைபேசியில் கேட்டபோது "ஜெட்டி இருக்கிறது" என்றார்கள். இருந்தது உண்மைதான். பலகை பெயர்ந்து, குறுக்கே கயிறு கட்டிக் கிடந்தது. படகுக்காரர் தொடையளவு தண்ணீரில் நிறுத்தி, இறங்குங்கள் என்றார். படகு ஏறி ஏறி இறங்குகிறது, பாட்டியின் கை என் சட்டையை விடவில்லை. கடைசியில் மூத்த மகன் தண்ணீரில் குதித்து, அம்மாவை உப்பு மூட்டை தூக்கிக் கரை சேர்த்தார். முதுகில் இருந்தபடியே பாட்டி சொன்னார்: "கப்பல்ல வந்தப்பகூட ஏணி வெச்சுத்தான்டா எறக்குனாங்க." எல்லாரும் சிரித்தோம். எனக்கு மட்டும் அன்றிரவு தூக்கம் வரவில்லை. அவர் கால் நழுவி, படகுக்கும் மணலுக்கும் இடையில் மாட்டியிருந்தால்?

அன்றிலிருந்து நான் "ஜெட்டி இருக்கிறதா" என்று கேட்பதில்லை. "இந்த வாரம் ஜெட்டியில் படகு நிற்கிறதா, அங்கிருந்து அறைக்கு எத்தனை படி, வழி மணலா சிமெண்டா" என்று கேட்கிறேன். போன வாரம் எடுத்த படம் ஒன்று அனுப்பச் சொல்கிறேன். அனுப்பத் தயங்கினால் வேறு இடம்.

முழங்கால் வலி, சர்க்கரை, இதய நோய் உள்ளவர்கள் வந்தால் இன்னொன்றும் பார்க்க வேண்டும். லங்காவியில் பெரிய மருத்துவமனை இருக்கிறது. பெர்ஹெந்தியானில் கிராமத்துச் சின்ன கிளினிக்தான். அதற்கு மேல் என்றால் படகேறிக் கரைக்கு வர வேண்டும், இரவில் அது லேசு இல்லை. பெரியவர்களோடு போகிறவர்களுக்கு நான் லங்காவியின் பந்தாய் தெங்கா அல்லது பங்கோரைத்தான் சொல்வேன். பந்தாய் செனாங் நீளமான நல்ல மணல்தான், ஆனால் ஜெட்ஸ்கியும் கூட்டமும் அதிகம். தஞ்சோங் ரூவில் தண்ணீர் ஆழமில்லை, எதிரே சுண்ணாம்புப் பாறைகள், பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். கடல் மயக்கம் உள்ளவர்கள் குவாலா கெடாவை விட்டு குவாலா பெர்லிசில் ஃபெரி ஏறட்டும். தண்ணீரில் இருக்கும் நேரம் குறையும். ஒன்றை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்: லங்காவிக் கரையில் நின்று பவளமும் மீனும் பார்க்கலாம் என்று எதிர்பார்க்காதீர்கள், தண்ணீர் அவ்வளவு தெளிவு கிடையாது. அதற்குப் படகெடுத்துப் பாயார் தீவுக்குப் போக வேண்டும். இல்லை, கிழக்கே வாருங்கள்.

கிழக்கே வந்தாலும் ஒரே தீவில் கரைக்குக் கரை குணம் மாறும். பெர்ஹெந்தியான் என்பது இரண்டு தீவு: சின்னது கெச்சில், பெரியது பெசார். கெச்சிலில் லாங் பீச் கிழக்கு பார்த்தது; பருவம் தொடங்கும்போதும் முடியும்போதும் அங்கே அலை வலுவாக இருக்கும். மறுபக்கம் மேற்கு பார்த்த கோரல் பே அதே நாளில் அமைதியாகக் கிடக்கும், அந்தி சாய்வதையும் பார்க்கலாம். இளைஞர்கள் கெச்சிலுக்குப் போகட்டும், குழந்தைக் குடும்பங்களுக்கு பெசார்தான் என் கணக்கு. தியோமானிலும் இப்படித்தான். பெரும்பாலான கிராமங்கள் மேற்கே. ஜுவாரா மட்டும் கிழக்கே அலை பார்த்து நிற்கிறது.

பங்கோர் நமக்குப் பக்கம், லூமுட்டில் ஃபெரி ஏறினால் சீக்கிரமே தீவு. அதனாலேயே யாரும் யோசிப்பதில்லை. ஒரு முறை தெலுக் நிப்பாவில் மத்தியானம் மூன்று மணிக்கு ஒரு கூட்டத்தை இறக்கினேன். ஓர் அக்கா மணலில் நின்று கண்ணுக்குக் கை வைத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "அண்ணே, கடல் எங்கே?" வற்றம். தண்ணீர் எங்கோ பின்வாங்கி, கல்லும் சேறும் தெரிந்தது. மலாக்கா நீரிணைப் பக்கம் கடல் ஒரு நாளில் இரண்டு முறை ஏறி இரண்டு முறை இறங்கும். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே ஆறு மணி நேரம் போல. நாளுக்கு நாள் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தள்ளிப் போகும். இணையத்தில் 'ஜடுவல் பாசாங் சுருட்' என்று தேடினால் அட்டவணை கிடைக்கும். நம் வீட்டுச் சுவரில் தொங்கும் நாள்காட்டியும் பாதி சொல்லிவிடும்: அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் அதிகம், வற்றமும் அதிகம். பங்கோர் பத்திரகாளியம்மன் கோயிலுக்கு மாசி மகத்துக்குப் போகிறவர்கள் இதைக் கவனியுங்கள், அது பௌர்ணமியோடு வருவது. வற்றத்தில் தெலுக் நிப்பாவிலிருந்து எதிரே கியாம் தீவுக்கு நடந்தே போகலாம். பிள்ளைகள் குஷியாகப் போவார்கள். திரும்பும் நேரத்தைப் போகுமுன்பே முடிவு செய்யுங்கள். தண்ணீர் யாருக்காகவும் காத்திருக்காது.

இனி கொஞ்சம் பயமுறுத்தப் போகிறேன். நம் ஆட்களில் பலருக்கு நீச்சல் தெரியாது. தெரிந்தவர்களும் ஆற்றில் கற்றவர்கள். கடலில் அலை உடையும் வரிசைக்கு நடுவே ஓரிடம் மட்டும் உடையாமல், சற்றுக் கருத்து, சாதுவாகத் தெரியும். அங்கேதான் குளிக்க இறங்குவார்கள். கரைக்கு வந்த தண்ணீரெல்லாம் திரும்பிக் கடலுக்குப் பாயும் வாய்க்கால் அது. இழுத்தால் கரையை நோக்கி நீந்திப் போராடாதீர்கள், களைத்துப் போவீர்கள். மிதந்துகொண்டே கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து, இழுப்பு விட்ட பிறகு கரைக்குத் திரும்புங்கள். கையை உயர்த்தி ஆட்டுங்கள். காப்பாற்றக் கரையிலிருந்து ஒருவர் பின் ஒருவராக வெறுங்கையோடு குதிப்பதுதான் ஒரு சாவை மூன்றாக்குகிறது. மிதவையோ காலி ஐஸ் பெட்டியோ தூக்கிப் போடுங்கள். சிவப்புக் கொடி பறந்தால் இறங்கவே வேண்டாம். சேலை, ஜீன்ஸ் தண்ணீரில் கல்லாகக் கனக்கும். பிள்ளைக்குப் பெரியவர் அளவு உயிர்காப்புச் சட்டை போட்டால் சட்டை மட்டும் மேலே மிதக்கும்.

என் வேனில் எப்போதும் ஒரு போத்தல் வினிகர் இருக்கும். சமையலுக்கு இல்லை, சொறிமீனுக்கு, அதாவது ஜெல்லிமீனுக்கு. பெட்டிச் சொறிமீன் நம் கடலிலும் உயிரைப் பறித்திருக்கிறது. கொட்டினால் தேய்க்காதீர்கள், மணல் போடாதீர்கள், குடிதண்ணீரால் கழுவாதீர்கள், சிறுநீர் வைத்தியம் வேண்டவே வேண்டாம். வினிகரைத் தாராளமாக ஊற்றி, பிறகு ஒட்டியிருக்கும் இழைகளை எடுத்துவிட்டு, கிளினிக்குக்கு ஓடுங்கள். மூச்சுத் திணறினாலோ மயக்கம் வந்தாலோ உடனே 999. சாயங்காலம் ஆகாஸ் என்ற பொடிப் பூச்சி கடித்து ஒரு வாரம் அரிக்கும். அது உயிருக்கு ஒன்றும் செய்யாது, தூக்கத்தைத்தான் கெடுக்கும்.

கிளம்பும் முதல் நாள் வானிலை ஆய்வுத் துறையின் கடல் எச்சரிக்கையைப் பாருங்கள். பெர்ஹெந்தியான் படகு ஏற குவாலா பெசுட்டுக்குப் போகிறவர்கள் கெரிக், ஜெலி வழி மலைச்சாலையை இரவில் கடக்க வேண்டாம். பனி ஒரு பக்கம், யானை ஒரு பக்கம். முதல் நாள் பகலிலேயே போய்த் தங்கிவிட்டுக் காலைப் படகைப் பிடியுங்கள்.

அப்புறம், ரெடாங் போகிறவர்கள் கைப்பேசியில் வழி தேடும்போது ஊர்ப் பெயரை ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்துத் தட்டுங்கள். ரெடாங் படகு மெராங்கிலிருந்து, அது குவாலா திரங்கானுவுக்கு வடக்கே. மாராங் வேறு ஊர், தெற்கே. அங்கிருந்து காப்பாஸுக்குத்தான் படகு. ஓர் எழுத்துதான் வித்தியாசம். என் வாடிக்கையாளர்களில் இரண்டு பேர் இப்படி மாறிப் போய்ப் படகை விட்டிருக்கிறார்கள். அதில் ஒரு முறை வேனை ஓட்டியது நான்.