ஸ்கேன்சைட்டி – ஸ்கேன் பதற்றம்: சொல் விளக்கம்

புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவர்களிடையே ஆங்கிலத்தில் வழங்கும் ‘ஸ்கேன்சைட்டி’ என்னும் சொல், ஸ்கேனுக்கு முந்தைய நாட்களிலும், கருவிக்குள் படுத்திருக்கும் நேரத்திலும், முடிவு கைக்கு வரும்வரை காத்திருக்கும் காலத்திலும் ஒருவரைப் பிடித்து ஆட்டும் பதற்றத்தைக் குறிக்கிறது. ‘ஸ்கேன்’, ‘ஆங்சைட்டி’ ஆகிய இரண்டையும் ஒட்டிச் செய்த சொல் இது. அமெரிக்க எழுத்தாளர் புரூஸ் ஃபைலர் 2011இல் டைம் இதழில் எழுதிய கட்டுரைக்குப் பிறகு இது பரவலாக அறியப்பட்டது. அவருக்கு 2008இல் தொடையெலும்பில் புற்று கண்டறியப்பட்டிருந்தது. அவருக்கு வந்த ஆஸ்டியோசார்கோமா என்னும் எலும்புப் புற்று ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் மூன்று நான்கு பேருக்கே வரும் நோய் என்பதை நினைத்தால், அரிதான புற்றோடு வாழ்ந்த ஒருவரின் எழுத்து வழியாக இச்சொல் பொதுவழக்கில் ஏறியது தற்செயலாகத் தோன்றவில்லை.

முதற்பகுதியான ‘ஸ்கேன்’, ஏறுதல் என்று பொருள்படும் ‘ஸ்கந்தேரே’ என்ற லத்தீன் வினையிலிருந்து வந்தது. ஆங்கிலத்தில் அது முதலில் செய்யுளின் அடியைச் சீர்சீராகப் பிரித்து ஓசையை அளப்பதைக் குறித்தது. தமிழ் யாப்பிலக்கணத்தில் ‘அலகிடுதல்’ என்று நாம் சொல்வது அதுவே. பின்னர் ஒன்றை நுணுகிப் பார்த்தல் என்ற பொருளும், இருபதாம் நூற்றாண்டில் கருவியால் வரிவரியாகப் படித்தறிதல் என்ற பொருளும் சேர்ந்தன. காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்ட் உருவாக்கிய சிடி கருவியால் 1971 அக்டோபர் 1 அன்று லண்டனில் முதல் நோயாளியின் மூளை படமெடுக்கப்பட்ட பிறகு, மருத்துவத்தில் இச்சொல் இன்றைய பொருளில் வேரூன்றியது.

இரண்டாம் பகுதியான ‘ஆங்சைட்டி’யின் வேர், நெரித்தல், இறுக்குதல் என்று பொருள்படும் ‘அங்கெரே’. நெஞ்சுவலியைக் குறிக்கும் ‘ஆஞ்சைனா’வும் அதன் உறவுச்சொல். எனவே தொண்டையும் நெஞ்சும் இறுகும் உடலுணர்வு இச்சொல்லின் பிறப்பிலேயே இருக்கிறது. இதற்குத் தமிழில் எதை இடுவது என்று பார்க்கும்போது அச்சம், கவலை, பதற்றம் மூன்றும் முன்னே வருகின்றன. அச்சத்துக்கு எதிரே ஒரு பொருள் நிற்க வேண்டும். முடிவு தெரியாதவருக்கு எதிரே நிற்பது எது என்பதே தெரியாது. கவலை இன்னும் நெருங்கி வருகிறது. பழந்தமிழில் ஒரு வழி பலவாகப் பிரியும் இடத்துக்கும் ‘கவலை’ என்று பெயர் உண்டு, நல்ல முடிவா கெட்ட முடிவா என்று தெரியாமல் நிற்பவரின் நிலைக்கு அது பொருந்தவும் செய்கிறது. ஆயினும் கவலை நாள் முழுதும் மெல்ல அரிப்பது. படபடக்கும் இதயமும் நடுங்கும் கையும் தூக்கமின்மையும் அதில் அடங்குவதில்லை. அவற்றை அடக்கும் சொல் பதற்றமே. மாறு என்பதிலிருந்து மாற்றமும் ஏறு என்பதிலிருந்து ஏற்றமும் பிறந்தது போல, பதறு என்னும் வினையிலிருந்து பிறந்த ‘பதற்றம்’ செம்மையான வடிவம். இதழ்களில் காணும் ‘பதட்டம்’ அதன் திரிபு.

இச்சொல்லுக்கு ஒரு சுமையும் உண்டு. ‘பதறாத காரியம் சிதறாது’ என்ற பழமொழியில் வளர்ந்த நமக்குப் பதற்றம் என்பது அடக்கியிருக்க வேண்டிய ஒரு குறைபாடாகவே ஒலிக்கிறது. ஸ்கேன் பதற்றத்தில் அந்தப் பழியை ஏற்றக் கூடாது என்பதை வலியுறுத்திச் சொல்ல விரும்புகிறேன். நோய் திரும்பக்கூடும் என்பது உண்மையான வாய்ப்பு. அதற்கு உடல் எழுப்பும் மறுமொழியே இது, கோழைத்தனமோ நம்பிக்கைக் குறைவோ இல்லை. ‘பரிசோதனைப் பதற்றம்’ என்று எழுதினால் தேர்வெழுதும் மாணவரின் நிலையோடு குழம்பும். ஸ்கேனை ‘வருடல்’ என்று பெயர்த்தால் நோயாளிக்குப் புரியாது. ஆகவே ‘ஸ்கேன் பதற்றம்’ என்பதே என் பரிந்துரை. மருத்துவமனை வாசலில் யாரும் விளக்கமின்றிப் புரிந்துகொள்ளும் பெயர் அது.

‘அரிதான புற்றுநோய்’ என்பதற்கு ஐரோப்பிய வரையறை, ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் ஆறு பேருக்கும் குறைவாகக் கண்டறியப்படுவது. அமெரிக்க வரையறை பதினைந்து பேருக்கும் குறைவு. ‘அரிய’ என்றும் எழுதுகிறார்கள். தமிழில் அச்சொல் மேன்மையையும் சுட்டுவதால் ‘அரிதான’ என்பதையே நான் விரும்புகிறேன். இவ்வகை நோயில் ஸ்கேன் பதற்றம் கூடுதலாக அழுத்துவதற்குக் காரணங்கள் உண்டு. நோயாளிகள் சிலரே என்பதால் ஆய்வுத் தரவும் குறைவு. எத்தனை மாதத்துக்கு ஒருமுறை படமெடுப்பது என்பதிலேயே மருத்துவர்களிடையே கருத்து வேறுபடலாம். படத்தில் தென்படும் சிறு புள்ளி வடுவா நோயா என்று கூற, அந்நோயைப் பலமுறை கண்ட கதிரியல் மருத்துவர் அருகில் இல்லாமல் போகலாம். கண்காணிப்பும் நீண்டது. தசை, கொழுப்பு போன்ற மென்திசுக்களில் தோன்றும் வீரியம் மிக்க சார்கோமா புற்றுக்குச் சிகிச்சை முடிந்தவர் முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை நெஞ்சுப் பகுதியைப் படமெடுக்க நேர்கிறது. கண்ணில் தோன்றும் யுவியல் மெலனோமா பத்தாண்டு கடந்தும் கல்லீரலில் தலைகாட்டக்கூடும். இவற்றோடு, ‘எனக்கும் இப்படித்தான் இருந்தது’ என்று சொல்ல அதே நோயுள்ள இன்னொருவர் கிடைப்பதும் அரிதாகிவிடுகிறது.

நாளடைவில் பழகிவிடும் என்று சுற்றத்தார் ஆறுதல் சொல்வார்கள். ஆனால் பரவிய அல்லது மீண்டும் வந்த நுரையீரல் புற்றுள்ளோரிடம் நடத்தி 2016இல் வெளியான ஓர் ஆய்வில், 83 விழுக்காட்டினர் ஸ்கேனையொட்டி ஏதோ ஓரளவு மன உளைச்சல் இருப்பதாகக் கூறினர். நோய் கண்டறிந்து எவ்வளவு காலம் ஆயிற்று என்பதைப் பொறுத்து அது கூடவோ குறையவோ இல்லை. நுரையீரல் புற்று அரிதானதன்று என்றாலும், பழகாததற்காக எவரும் தம்மை நொந்துகொள்ளத் தேவையில்லை என்பதற்கு இது போதிய சான்று.

பதற்றத்தை முழுதும் நீக்க முடியாவிட்டாலும், காத்திருப்பின் அளவைச் சுருக்க முடியும். ஸ்கேனுக்கு நாள் குறிக்கும்போதே, முடிவை யார், எந்த நாளில், நேரிலா தொலைபேசியிலா சொல்வார் என்று கேட்டு எழுதிக்கொள்வது நல்லது. முடிவைப் பேசும் சந்திப்பை ஸ்கேனுக்கு நெருக்கமாக வைக்கும்படி கேட்பதில் தவறில்லை. அறிக்கை முதலில் கைப்பேசிக்கு வந்துவிடும் இடங்களில், மருத்துவர் விளக்குமுன் அதைத் திறப்பதா வேண்டாமா என்பதை அமைதியான ஒரு நாளில் முன்கூட்டியே முடிவுசெய்ய வேண்டும். எம்ஆர்ஐ கருவியின் குறுகிய குழாய் மூச்சடைப்பது போல் இருந்தால் தொழில்நுட்பரிடம் அதை முன்னரே சொல்லலாம். இடையில் நிறுத்தச் சொல்லும் அழைப்புப் பொத்தான் கையில் தரப்படும், தேவையெனில் மருத்துவர் அமைதிப்படுத்தும் மருந்தும் தருவார். உடன் வருபவர் ‘எல்லாம் சரியாகத்தான் இருக்கும்’ என்று உறுதிகூறுவதைவிட, ‘முடிவு வரும்வரை உடன் இருக்கிறேன்’ என்று சொல்வது மேல். முன்னதற்கு அவரிடம் ஆதாரம் இல்லை என்பது நோயாளிக்குத் தெரியும்.

ஸ்கேன் பதற்றம் தனியொரு மனநோயாக வகைப்படுத்தப்பட்டதன்று. எனினும் முடிவு வந்த பின்னும் வாரக்கணக்கில் உறக்கமும் பசியும் திரும்பாதபோதும், அஞ்சி ஸ்கேனையே தள்ளிப்போடும்போதும், வாழ்வதில் பயனில்லை என்ற எண்ணம் எழும்போதும், அது இச்சொல்லின் எல்லையைக் கடந்துவிடுகிறது. அங்கே உளவியல் ஆலோசனையும் சில வேளை மருந்தும் தேவை. தம்மைத் தாமே மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் அடுத்த சந்திப்புவரை பொறுக்காமல் அன்றே உதவி நாட வேண்டும். பல பெரிய புற்றுநோய் மையங்களில் இதற்கெனச் சைக்கோ-ஆன்காலஜி என்னும், புற்றுநோயாளிகளின் மனநலத்தைக் கவனிக்கும் பிரிவு உண்டு. அது இல்லாத இடத்தில், சிகிச்சை தரும் மருத்துவரிடமோ செவிலியரிடமோ ‘ஸ்கேன் பதற்றம் என்னை மீறிப் போய்விட்டது’ என்று சொன்னால், அவர்கள் உரிய மனநல மருத்துவரிடம் அனுப்பிவைப்பார்கள்.