கால் தரையில் இருக்கும் நேரம்: குதிப்புப் பயிற்சியைத் திட்டமிடுவது எப்படி?

மும்முறைத் தாண்டுதலில் பிரிட்டனின் ஜொனாதன் எட்வர்ட்ஸ் 1995-ல் ஸ்வீடனின் கோதன்பர்க் நகரில் 18.29 மீட்டர் தாண்டினார். முதல் பாய்ச்சல் 6.05 மீட்டர், அடுத்தது 5.22, கடைசி 7.02. இந்த விளையாட்டின் முன்னணி வீரர்களுக்கு ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் கால் தரையில் இருக்கும் நேரம் 0.1 நொடிக்குச் சற்று மேலிருந்து 0.2 நொடிக்குள்தான். மூன்று மிதிகளையும் கூட்டினாலும் அரை நொடியை ஒட்டித்தான் வரும். அந்தக் கண நேரத்தில் ஒற்றைக் காலில் இறங்கும் விசை, உடல் எடையைப் போல 15 மடங்கு வரை போவதை ஆய்வகங்களில் அளந்திருக்கிறார்கள்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒரு தசை தன் முழு விசையையும் திரட்டிக் காட்ட 0.3 நொடிக்கும் மேல் வேண்டும். தோளில் 150 கிலோ எடையோடு உட்கார்ந்து எழும் ஸ்குவாட் செய்யும் வீரரின் தொடைக்கு அந்த வலு நிச்சயம் இருக்கிறது. ஆனால் அதை வெளியே கொண்டுவரும் முன்பே கால் தரையை விட்டுக் கிளம்பிவிடுகிறது. இருக்கும் வலுவை இந்தக் குறுகிய நேரத்துக்குள் எப்படி எடுப்பது? பிளையோமெட்ரிக் எனப்படும் குதிப்புப் பயிற்சி இந்தக் கேள்விக்காகத்தான். பயிற்சித் திட்டத்தில் உயரம், எண்ணிக்கை, ஓய்வு என்று எதைத் தீர்மானித்தாலும் இந்தக் கேள்வியோடுதான் ஒட்டிப் பார்க்க வேண்டும்.

முதலில் உடல் இதை எப்படிச் செய்கிறது என்று பார்ப்போம். முழங்காலை மடக்கிப் பாதி உட்கார்ந்த நிலையில் மூன்று நொடி அசையாமல் இருந்துவிட்டு, அங்கிருந்து நேராக மேலே குதித்துப் பாருங்கள். அப்புறம் நின்ற நிலையிலிருந்து சட்டென்று தாழ்ந்து, தாழ்ந்த வேகத்திலேயே குதியுங்கள். இரண்டாவது குதிப்புதான் அநேகமாக எல்லோருக்கும் சில சென்டிமீட்டர் கூடுதலாக வரும். தசை முதலில் இழுபட்டு, உடனே சுருங்கினால் கூடுதல் வேலை செய்யும். இதை நீட்சி–சுருக்கச் சுழற்சி என்கிறார்கள்.

அந்தக் கூடுதல் எங்கிருந்து வருகிறது என்பதில் நீண்ட விவாதம் நடந்திருக்கிறது. 1960களில் இத்தாலியின் மிலான் நகரில் கவாக்னாவும் அவருடைய சகாக்களும், இழுபட்ட தசையில் மீள்சக்தி சேமிப்பாகிறது என்று காட்டினார்கள். அந்தச் சேமிப்பில் பெரும்பங்கு தசைநாண்களுடையது. கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போடு இணைக்கும் அக்கிலிஸ் தசைநாண், இழுபடும்போது வாங்கிய ஆற்றலில் சுமார் 90 சதவீதத்தைத் திருப்பித் தந்துவிடும். ஆனால் மேலே சொன்னது போல நின்ற நிலையிலிருந்து தாழ்ந்து குதிப்பதற்கு இந்த விளக்கம் மட்டும் போதாது. 1996-ல் நெதர்லாந்தின் பாபெர்ட் குழுவினர் சொன்ன காரணம் எளிமையானது: தாழ்ந்து வரும்போதே தசை விறைத்துத் தயாராகிவிடுகிறது, அதனால் மேலே எழத் தொடங்கும் நொடியிலேயே அதில் விசை நிரம்பியிருக்கிறது. மும்முறைத் தாண்டுதல் போல மிக வேகமான மிதியில் தசைநாணின் பங்கு பெரிது. தசை கிட்டத்தட்ட நீளம் மாறாமல் இறுகி நிற்க, தசைநாண்தான் நீண்டு சுருங்குகிறது.

ஆக, வேகமான மிதி, மெதுவான மிதி என்று இரண்டு வகை இருக்கின்றன. பயிற்சியாளர்கள் 0.25 நொடியை எல்லையாக வைக்கிறார்கள். கைப்பந்து வீரர் தடுப்பாட்டத்துக்கு எழும்புவது பெரும்பாலும் மெதுவான வகை. ஓட்டம், நீளம் தாண்டுதல், மும்முறைத் தாண்டுதல் எல்லாம் வேகமான வகை. எந்த விளையாட்டுக்குத் திட்டம் போடுகிறோம் என்பதைப் பொறுத்துப் பயிற்சியும் மாற வேண்டும். எல்லோருக்கும் ஒரே அட்டவணையைக் கொடுப்பது பயனில்லாத வேலை.

இந்தப் பயிற்சி பிறந்ததே மும்முறைத் தாண்டுதல் மைதானத்தில்தான். சோவியத் பயிற்சியாளர் யூரி வெர்ஹோஷான்ஸ்கி, மிதியில் இறங்கும் அந்தப் பெரும் விசையை வேறு எப்படிக் காலுக்குப் பழக்குவது என்று யோசித்தார். பெட்டி மேலிருந்து கீழே இறங்கி, தரை தொட்டதும் மேலே பாய்வதுதான் அவர் கண்ட வழி. அதை ‘அதிர்ச்சி முறை’ என்றார். இன்று டெப்த் ஜம்ப் என்கிறோம். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் சோவியத் வீரர் வலேரி போர்சோவ் 100 மீட்டர், 200 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்ற பிறகு மேற்கு நாடுகளின் கவனம் இந்தப் பக்கம் திரும்பியது. அமெரிக்கரான பிரெட் வில்ட் 1975-ல் பிளையோமெட்ரிக்ஸ் என்ற பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார்.

வெர்ஹோஷான்ஸ்கி சொன்ன உயரங்கள் 0.75 மீட்டரும் 1.10 மீட்டரும். பல ஆண்டுகள் எடை தூக்கிப் பழகிய உயர்நிலை வீரர்களுக்காகச் சொன்னவை அவை. அவர்களுக்கே ஒரு நாளைக்கு 40 குதிப்புக்கு மேல் வேண்டாம் என்றார். பின்னாளில் பலர் உயரத்தை எடுத்துக்கொண்டு எச்சரிக்கையை விட்டுவிட்டார்கள். 1987-ல் பாபெர்ட் குழு 20, 40, 60 செ.மீ. உயரங்களை ஒப்பிட்டது. 60 செ.மீ. உயரத்திலிருந்து இறங்கும்போது குதிகால் தரையில் அடித்து, மூட்டுகளில் விசை கூர்மையாக எகிறியது. 20, 40 செ.மீ. உயரங்களே போதும் என்று அவர்கள் பரிந்துரைத்தார்கள். இயற்பியலும் அதையே சொல்கிறது. உயரம் இரட்டித்தால், தரையில் அடக்க வேண்டிய ஆற்றலும் இரட்டிக்கும். அடக்கக் கிடைக்கும் நேரமோ அதேதான். அடக்க முடியாத கால் மடங்கிவிடும், கால் தரையில் இருக்கும் மிதி நேரம் நீண்டுவிடும். அதற்குப் பிறகு அந்தக் குதிப்பு வேகத்துக்கான பயிற்சியே இல்லை, வெறும் அடி மட்டும்தான்.

சரி, ஒரு வீரருக்கு எந்த உயரம் பொருந்தும்? இதை ஊகிக்கத் தேவையில்லை, ஒரு செல்போனே போதும். நொடிக்கு 240 படம் எடுக்கும் ஸ்லோமோஷனில் குதிப்பைப் பதிவு செய்து, கால் தரையில் இருந்த படங்களை எண்ணுங்கள். 48 படம் என்றால் 0.2 நொடி. காற்றில் இருந்தது 120 படம் என்றால் அரை நொடி. காற்றில் இருந்த நேரத்தை அதே எண்ணால் பெருக்கி, மறுபடி 1.226-ஆல் பெருக்கினால் குதித்த உயரம் மீட்டரில் கிடைக்கும். அரை நொடிக்கு அது சுமார் 0.31 மீட்டர். உயரத்தை மிதி நேரத்தால் வகுத்தால் வருவது எதிர்வினை வலுக் குறியீடு. 20, 30, 40, 50 செ.மீ. பெட்டிகளிலிருந்து குதிக்கவிட்டு, இந்தக் குறியீடு எங்கே உச்சம் தொடுகிறதோ அந்த உயரத்தில் வேலை செய்யலாம். 30 செ.மீ. பெட்டியிலிருந்து இறங்கி 0.2 நொடியில் 0.30 மீட்டர் குதிப்பவருக்குக் குறியீடு 1.5. அவரே 50 செ.மீ. பெட்டியிலிருந்து இறங்கி, 0.3 நொடி எடுத்து 0.34 மீட்டர் குதித்தால் கண்ணுக்குக் கூடுதல் உயரமாகத் தெரியும். குறியீடோ 1.13-க்கு இறங்கிவிட்டது. மும்முறைத் தாண்டுபவருக்கு முதல் பெட்டிதான் சரி.

எண்ணிக்கைக்கு ஒரு பொதுவான அளவுகோல் புழக்கத்தில் இருக்கிறது. கால் தரையைத் தொடும் முறைகளை எண்ணுவார்கள்: ஒரு நாள் பயிற்சியில் புதியவருக்கு 80 முதல் 100, நடுநிலையினருக்கு 100 முதல் 120, அனுபவசாலிகளுக்கு 120 முதல் 140. இதை எல்லையாக வைத்துக்கொள்ளலாம், எட்டியே தீர வேண்டிய இலக்காக வைக்கக் கூடாது. 100 முறை ஸ்கிப்பிங் கயிறு தாண்டுவதும், 100 முறை ஒற்றைக் காலில் நொண்டியடித்துப் பாய்வதும் கணக்கில் ஒன்றுதான், தசைநாணுக்கு ஒன்றல்ல. கடினமான குதிப்புகள் உள்ள நாளில் நான் இந்த எண்ணிக்கையில் பாதியைத்தான் வைப்பேன்.

ஓய்வில்தான் நம் மைதானங்களில் அதிகம் தவறுகிறோம். மூச்சு வாங்க வாங்க, வியர்வை கொட்டக் கொட்டக் குதித்தால்தான் பயிற்சி என்ற எண்ணம் ஆழமாக ஊறியிருக்கிறது. களைத்த காலின் மிதி நேரம் நீளும். அப்போது உடல் மெதுவாகக் குதிக்கத்தான் பழகும். டெப்த் ஜம்ப்பில் ஒவ்வொரு குதிப்புக்கும் இடையே 5 முதல் 10 நொடி, செட்டுகளுக்கு இடையே 2 முதல் 3 நிமிடம் நிற்க வேண்டும். பார்ப்பவருக்குச் சோம்பேறித்தனமாகத் தெரியலாம், தெரியட்டும். ஒரு நல்ல பயிற்சியாளர் காதாலேயே இதைக் கண்காணிப்பார். பாதம் தரையில் விழும் சத்தம் சுருக்கென்று இருந்தது மாறி ‘தொப்’பென்று கேட்கத் தொடங்கினால், செட்டில் இன்னும் நாலு குதிப்பு பாக்கி இருந்தாலும் அன்றைக்கு அத்தோடு நிறுத்திவிட வேண்டும்.

நாட்களுக்கு இடையே 48 முதல் 72 மணி நேர இடைவெளி கேட்பதற்கும் காரணம் இருக்கிறது. கடும் பயிற்சிக்குப் பிறகு தசைநாணில் கொலாஜன் என்ற புரதம் சிதைவதும் புதிதாக உருவாவதும் ஒன்றாக நடக்கின்றன. முதல் 24 முதல் 36 மணி நேரத்துக்குச் சிதைவு முந்துகிறது, அதன் பிறகுதான் உருவாக்கம் மேலேறுகிறது. மறுநாளே குதித்தால் பள்ளத்தின் மேல் பள்ளம் தோண்டுகிறோம். தசைக்கு இருக்கும் அளவுக்குத் தசைநாணுக்கு இரத்த ஓட்டமும் இல்லை. 1950களிலும் 60களிலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் விட்ட கார்பன்-14 அளவைத் தடயமாக வைத்து, டென்மார்க் ஆய்வாளர்கள் 2013-ல் அக்கிலிஸ் தசைநாணை ஆராய்ந்தார்கள். அதன் மையப்பகுதி சுமார் 17 வயதுக்குள் உருவாகி, பிறகு அநேகமாகப் புதுப்பிக்கப்படுவதே இல்லை என்று தெரிந்தது. ஒரு பதின்வயதுப் பிள்ளையின் குதிகாலில் நாம் எவ்வளவு சுமையை ஏற்றுகிறோம் என்று யோசிக்கும்போது எனக்கு இந்த ஆய்வுதான் நினைவுக்கு வரும்.

இதைச் சொல்ல இப்போது தேவையும் இருக்கிறது. 2023-ல் தமிழ்நாட்டின் ஜெஸ்வின் ஆல்ட்ரின் நீளம் தாண்டுதலில் 8.42 மீட்டரும், பிரவீன் சித்ரவேல் ஹவானாவில் மும்முறைத் தாண்டுதலில் 17.37 மீட்டரும் தாண்டித் தேசிய சாதனை படைத்தார்கள். அவர்களைப் பார்த்து மைதானத்துக்கு வரும் பிள்ளைகள், இணையத்தில் பார்த்தபடி தரையிலிருந்து நெஞ்சுயரப் பெட்டி மேல் குதித்து ஏறுகிறார்கள். அந்த உயரத்தில் பெரும்பகுதி முழங்காலை நெஞ்சு வரை மடக்குவதால் வருவது. இடுப்பு எவ்வளவு எழும்புகிறது என்பதுதான் உண்மையான குதிப்பு. தவறி விழுந்தால் முழங்காலுக்குக் கீழே முன்பக்கத் தோல் கிழிவது மட்டும் உறுதி.

மண்ணும் முக்கியம். சிமென்ட் தரை வேண்டாம். கடற்கரை மணலில் வலியும் அடிபடுதலும் குறைவு, தொடக்க வாரங்களுக்கு நல்லது. ஆனால் மணல் காலின் ஆற்றலை விழுங்கி, மிதி நேரத்தை நீட்டிவிடும். வேகமான மிதி வேண்டுபவர் புல்லுக்கோ செயற்கை ஓடுதளத்துக்கோ வந்துதான் ஆக வேண்டும்.

ஒரு பருவத் திட்டத்தின் வரிசை இப்படி அமையலாம். முதல் நாலைந்து வாரம் ஸ்கிப்பிங், இருந்த இடத்தில் கணுக்கால் துள்ளல், தாழ்வான பெட்டியிலிருந்து இறங்கி அசையாமல் நிற்பது. இறங்கும்போது முழங்கால் உள்ளே சாய்ந்தால் மேலே போக அனுமதி இல்லை. கூடவே ஸ்குவாட்டில் வலுவைக் கட்ட வேண்டும். அடுத்த ஐந்தாறு வாரம் தாழ்வான ஹர்டில்கள் மேல் தொடர் குதிப்பு, மாற்றுக் கால் பாய்ச்சல், நின்ற இடத்திலிருந்து மும்முறைத் தாண்டுதல். அதன் பிறகே டெப்த் ஜம்ப்பும் ஓடிவந்து ஒற்றைக் காலில் பாய்வதும்.

அந்தக் கடைசிக் கட்டத்தில் ஒரு வாரம் எப்படி இருக்கும்? திங்கட்கிழமை நன்றாக வார்ம்-அப் செய்து, குறுகிய வேக ஓட்டங்கள் முடித்து, கால் புதிதாக இருக்கும்போதே ஐந்து ஹர்டில் தாண்டும் நான்கு செட், ஐந்து டெப்த் ஜம்ப் கொண்ட மூன்று செட். மொத்தம் 35 மிதிதான். எடைப் பயிற்சி அதற்குப் பிறகு. வியாழக்கிழமை ஒவ்வொரு காலிலும் ஆறு பாய்ச்சல் கொண்ட மூன்று செட், பிறகு குறைந்த ஓட்டத்தோடு ஆறு மும்முறைத் தாண்டுதல்கள். சனிக்கிழமை புல்தரையில் லேசான துள்ளல். மூன்று வாரம் படிப்படியாக ஏற்றி, நான்காவது வாரம் எண்ணிக்கையைப் பாதியாக்கலாம். வளர்ச்சி வேகமாக இருக்கும் பிள்ளைக்கு முழங்காலுக்குக் கீழே வலித்தால், அட்டவணையில் என்ன எழுதியிருந்தாலும் குதிப்பை நிறுத்திவிட வேண்டும்.

பெரிய போட்டிக்கு 10 முதல் 14 நாள் முன்பே கடைசி டெப்த் ஜம்ப் முடிந்துவிட வேண்டும். அதன் பிறகு எண்ணிக்கையைக் குறைத்து வேகத்தை மட்டும் அப்படியே வைத்திருப்பது வழக்கம். போட்டி வாரத்தில் இரண்டு செட் ஹர்டில் குதிப்பு, சில குறுகிய ஓட்டங்கள், அவ்வளவுதான். பயம் காரணமாக அந்த வாரத்தில் கூடுதலாக ஒரு செட் கேட்கும் வீரரிடம், மிதி நேரம் எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதைச் செல்போனில் எடுத்த காணொளியைப் போட்டுக் காட்டலாம்.