பசிக்குப் போட்ட மெடல்

ஜனவரி காலையில கொடைக்கானல் மேல்மலைப் பக்கம் போனீங்கன்னா புல்லு மேல வெள்ளையா உறைபனி கிடக்கும், வெயில் ஏறுனதும் பார்த்தா உருளைக்கிழங்கு இலையெல்லாம் கருகியிருக்கும். ஒரு ராத்திரி குளிருக்கே இப்படின்னா கோடைக்காலமே வராம போனா? 1816ல ஐரோப்பாவுல அதுதான் நடந்துச்சு.

1815 ஏப்ரல்ல இந்தோனேசியாவுல தம்போரா எரிமலை வெடிச்சுச்சு. சாம்பல் சீக்கிரம் விழுந்துரும், ஆனா கூடவே போன கந்தக வாயு மேகத்துக்கும் மேல ஏறி, அங்க இருக்கற கொஞ்ச ஈரத்தோட சேர்ந்து பொடிப்பொடி அமிலத் துளியாயிடுச்சு. அந்த உயரத்துல மழை கிடையாது, அதனால கழுவி இறங்காம வருஷக்கணக்குல மிதந்து வெயிலைத் திருப்பி அனுப்பிட்டே இருந்துச்சு. தெற்கு ஜெர்மனியில ஓயாத மழை, பயிர் வயல்லயே அழுகிடுச்சு, ரொட்டி விலை எகிறிடுச்சு. எரிமலைதான் காரணம்னு அந்த ஜனங்களுக்குத் தெரியாது.

அப்போ நியூரம்பெர்க்ல ஸ்டெட்னர்னு ஒரு மெடல் கலைஞர் ஒண்ணு போட்டார். ஒரு பக்கம் ரெண்டு பிள்ளைகளோட ஒரு அம்மா, சுத்தி "ரொட்டி குடு, பசிக்குது"ன்னு எழுத்து. மறுபக்கம் தராசும் கதிர்க்கட்டும், "மனசு விட்டுறாதீங்க, கடவுள் இன்னும் இருக்கார்"னு. அந்த வருஷங்கள்ல வந்த வேற மெடல்கள்ல தானியம், ரொட்டி விலையையே பொறிச்சு வச்சாங்க. எனக்கு இதுதான் பெரிய விஷயமா படுது, ஏன்னா ராஜா ஜெயிச்சதுக்கு மெடல் போடுவாங்க, இங்க ரொட்டி விலைக்குப் போட்டிருக்காங்க.

செய்யறதும் லேசு இல்ல. எஃகு அச்சுல எழுத்தையும் உருவத்தையும் கண்ணாடியில தெரியற மாதிரி இடவலம் மாத்தி, குழியா வெட்டணும், அப்புறம் பழுக்கக் காய்ச்சி சட்டுனு முக்கி இறுக வைக்கணும், ரெண்டு அச்சுக்கு நடுவுல உலோக வில்லையை வச்சு ஓங்கி அழுத்துனா குழியெல்லாம் மேடாயிரும். வெள்ளீயம் மாதிரி மெதுவான உலோகம்னா விலையும் கம்மி, அச்சும் சீக்கிரம் தேயாது.

தெற்கு ஜெர்மனியில இருந்த வூர்ட்டம்பெர்க் நாட்டு ராணி கத்தரினா அந்தப் பஞ்சத்துல ஏழைகளுக்காக தர்ம சங்கம் ஆரம்பிச்சாங்க, சும்மா குடுக்கறதை விட வேலை குடுத்துக் கூலி குடுக்கணும்ங்கறது அங்க பேச்சு. இதே பேச்சு நம்ம தாது வருஷப் பஞ்சத்துலயும் வந்துச்சு, ஆனா 1877ல நிவாரண வேலைக்குப் போன ஆம்பளைக்கு நாள் கூலியை 450 கிராம் தானியமும் ஒரு அணாவும்னு குறைச்சுட்டாங்க. நாள் பூரா மண்ணு வெட்டுறவனுக்கு அது எப்படிங்க பத்தும்? எதிர்ப்பு வந்த அப்புறம்தான் கொஞ்சம் ஏத்துனாங்க.

அந்தப் பஞ்சத்துக்கு அப்புறம்தான் மழை ஏன் பொய்க்குது, சூரியனுக்கும் அதுக்கும் தொடர்பு இருக்கான்னு பார்க்கணும்னு கிளம்புனாங்க, அப்படி வந்ததுதான் 1899ல ஆரம்பிச்ச நம்ம கொடைக்கானல் சூரிய ஆய்வகம். நூறு வருஷத்துக்கும் மேல எடுத்த சூரியன் படமெல்லாம் அங்க பத்திரமா இருக்கு.