வெறுங்கஞ்சியை நிறுத்துங்கள்

போன வாரம் வேலை விஷயமாக, சிங்கப்பூர் ஈசூனில் ஒரு வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுக்குப் போயிருந்தேன். பாட்டிக்கு 81 வயது. இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து மின்தூக்கி வரைகூடப் போனதில்லை. கையைத் தூக்கச் சொன்னேன். தங்க வளையல்கள் முழங்கை வரை சறுக்கி ஓடின. "முன்னெல்லாம் சோப்பு போட்டாத்தான் கழலும்" என்றார் மருமகள், சிரித்துக்கொண்டே. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆறு மாதத்துக்கு முன் 48 கிலோ, அன்று 43.

என்ன சாப்பிடுகிறார் என்று கேட்டேன். "கஞ்சிதான். வயசாயிடுச்சுல்ல, அது போதும்."

இந்த மாதம் இதே பதிலை நான்காவது வீட்டில் கேட்கிறேன். பொறுக்க முடியாமல்தான் எழுதுகிறேன்.

வயதானால் நடமாட்டம் குறையும், பசியும் குறையும். ஆனால் புரதத் தேவை குறையாது, கூடும். 50 வயதைத் தாண்டியவர்களுக்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 1.2 கிராம் புரதம் வேண்டும் என்கிறது சுகாதார மேம்பாட்டு வாரியம். 43 கிலோ பாட்டிக்கு ஏறக்குறைய 52 கிராம். ஒரு கிண்ணம் வெறுங்கஞ்சியில் இரண்டு மூன்று கிராம் இருந்தால் பெரிது. மூன்று வேளையும் குடித்தாலும் பத்தைத் தொடாது. இடையில் தேநீரில் தோய்த்த கிரீம் கிராக்கர் கணக்கிலேயே வராது. கஞ்சியில் பெரும்பகுதி தண்ணீர். அது வயிற்றை நிரப்பிவிடும். பாட்டியும் "போதும்மா" என்பார். நீங்களும் நிம்மதியாக வேலைக்குக் கிளம்பிவிடுவீர்கள். தொடைச் சதை மட்டும் நாளுக்கு நாள் கரையும். அடுத்த முறை கழிவறைக்கு எழும்போது கால் தாங்காது.

கஞ்சியே வேண்டாம் என்று சொல்லவில்லை. நோயில் படுத்தவருக்குக் கஞ்சி வைத்துக் கொடுப்பது நம் வீட்டு அன்பு, எனக்கும் தெரியும். அரிசியோடு ஒரு பிடி பாசிப்பருப்பைப் போடுங்கள். இறக்கும் முன் ஒரு முட்டையை அடித்து ஊற்றிக் கிளறுங்கள், ஆறு கிராம் அங்கேயே சேர்ந்துவிடும். வேகவைத்த மீனை முள் எடுத்து உதிர்த்துப் போடலாம். சைவமென்றால் டோஃபுவை மசித்துச் சேருங்கள், பால் மாவு கலக்குங்கள். மூன்று வேளை என்ற கணக்கை விட்டு, சிறிது சிறிதாக ஐந்தாறு முறை கொடுங்கள். சமைப்பது வெளிநாட்டுப் பணிப்பெண் என்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அடுப்படியில் கூட நின்று செய்து காட்டுங்கள். அவருக்கு நம் சமையல் எப்படித் தெரியும்?

"கொலஸ்ட்ரால் இருக்கே, முட்டை கூடாதே?" இதுவும் தினமும் கேட்பதுதான். எலும்பும் தோலுமாக இருப்பவருக்கு நாற்பது வயதுக்காரரின் பத்தியம் பொருந்தாது. மருத்துவரிடம் கேட்டுத் தளர்த்துங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் புரதத்தைக் கூட்டும் முன் கட்டாயம் கேட்க வேண்டும். சாப்பிடாமல் இன்சுலின் போட்டால் சர்க்கரை திடீரென இறங்கும். அதில் விளையாட வேண்டாம்.

மாதம் ஒருமுறை எடை பாருங்கள். ஆறு மாதத்தில் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைந்தாலே பலதுறை மருந்தக (பாலிகிளினிக்) மருத்துவரிடம் சொல்லுங்கள். நிற்க முடியாதவர்களுக்கு நாங்கள் கெண்டைக்கால் சுற்றளவை அளப்போம். 31 சென்டிமீட்டருக்குக் கீழே போனால் கவலைப்படுவோம். பல்செட் ஆடுகிறதா என்று வாயைத் திறந்து பாருங்கள். விழுங்கும்போது இருமினால் வற்புறுத்தி ஊட்டாதீர்கள், விழுங்கும் சிக்கலையும் கவனிக்கும் பேச்சு சிகிச்சையாளரிடம் காட்டுங்கள்.

பகலில் தனியாக இருப்பவருக்கு வீட்டுக்கே உணவு கொண்டுவரும் சேவை உண்டு. ஏஐசியை (ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பு) 1800-650-6060 என்ற எண்ணில் கேளுங்கள். ஆனால் மதியம் வந்த டப்பாவில் பாதியை இரவுக்கு எடுத்து வைக்கிறாரா என்று பாருங்கள், பலர் அப்படித்தான் செய்கிறார்கள்.

புறப்படும்போது பாட்டி என் கையைப் பிடித்து, "தனியா உக்காந்து சாப்பிடப் புடிக்கலம்மா" என்றார். இரவில் ஒரு வேளையாவது உங்கள் தட்டை அவர் கட்டிலருகே கொண்டுபோய் உட்காருங்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.