உங்கள் வக்கீல் எம்.எல்.ஏ. ஆகிவிட்டாரா?

குமரி மாவட்டத்தில் வக்கீல்கள் அரசியலுக்குப் போவது புதிதல்ல. 1956 நவம்பர் 1இல் குமரி தமிழகத்தோடு இணைந்ததே, அதற்காகப் போராடிய மார்ஷல் நேசமணியே நாகர்கோவில் நீதிமன்றத்தில் வாதாடியவர்தான். நான் சொல்ல வந்தது அத்தனை பெரிய தலைவர்களைப் பற்றியல்ல. ஒரே ஒரு முறை வென்று, அடுத்த தேர்தலில் சீட் கிடைக்காமல் பழைய கறுப்புக் கோட்டைத் தேடும் வக்கீல்களைப் பற்றி. அதைவிட, அவர்களிடம் வழக்கைக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்களைப் பற்றி.

எம்.எல்.ஏ.வாக இருந்துகொண்டே வக்கீல் தொழில் செய்யத் தடையில்லை. 2018இல் உச்ச நீதிமன்றமும் அப்படித்தான் தீர்ப்பளித்தது. ஆனால் கூட்டத்தொடர் நடப்பது சென்னையில். குழித்துறையிலிருந்து ஓர் இரவு ரயில் பயணம். ஊரில் இருக்கும் நாளிலும் கல்யாண வீடு, துக்க வீடு, குண்டும் குழியுமான ரோடு என்று பொழுது போய்விடும். வழக்குக் கட்டு ஜூனியர் கைக்குப் போகும். அவர் வாய்தா மேல் வாய்தா வாங்குவார்.

தேர்தல் முடிவோடு வக்காலத்து முடிந்துவிடாது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின்படி, நீதிமன்ற அனுமதியோடு எழுத்து மூலம் விலக்கும்வரை அவர்தான் உங்கள் வக்கீல். எதிர்வாதியான உங்கள் தரப்பில் யாரும் ஆஜராகாவிட்டால் ஒருதலைப்பட்சத் தீர்ப்பாகிவிடலாம். அதை நீக்கக் கோரும் மனுவுக்குப் பொதுவாக 30 நாள்தான் கெடு. கடந்துவிட்டால் தாமதத்துக்குக் காரணம் சொல்ல வேண்டும். 'வக்கீல் சட்டசபைக்குப் போயிருந்தார்' என்பது எடுபடும் என்று நம்பியிருக்காதீர்கள். ஒவ்வொரு வழக்குக்கும் தனி அடையாளமாக, எழுத்தும் எண்ணுமாக 16 இடங்களில் சி.என்.ஆர். எண் என்று ஒன்று உண்டு. அதைக் கேட்டு வாங்கிக்கொண்டால், நீதிமன்றங்களின் இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் அடுத்த வாய்தாவை நீங்களே பார்க்கலாம்.

என்னை அதிகம் கவலைப்படுத்துவது பத்திரங்கள்தான். நம் பக்கத்துச் சொத்து வழக்குகளில் மூலப்பத்திரம் பெரும்பாலும் திருவிதாங்கூர் காலத்து மலையாளப் பிரமாணம், அதாவது மலையாளத்தில் எழுதிய பத்திரம். தேதி மலையாள நாட்காட்டியான கொல்லம் ஆண்டில் இருக்கும். பாட்டன் பெயரில் இருக்கும் பத்து சென்ட் விளைக்கு (தோட்ட நிலத்துக்கு) அந்தத் தாள்தான் ஆதாரம். தேர்தல் நேரத்தில் வக்கீல் அலுவலகம் கட்சி அலுவலகமாகிறது. அலமாரி நகர்கிறது, குமாஸ்தா மாறுகிறார். தாள் எந்தக் கட்டுக்குள் போனது என்று பிறகு யாருக்கும் தெரியாது. நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும்வரை அசலை உங்கள் வீட்டிலேயே வையுங்கள். கொடுத்தே ஆகவேண்டுமென்றால் கையெழுத்திட்ட ரசீது வாங்குங்கள். மனம் வருத்தப்படுவார் என்று தயங்க வேண்டாம். நல்ல வக்கீல் வருத்தப்பட மாட்டார். கட்டணப் பாக்கியைக் காட்டி வழக்குக் கட்டைப் பிடித்து வைக்க வக்கீலுக்கு உரிமையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2000ஆம் ஆண்டிலேயே சொல்லிவிட்டது.

ஐந்தாண்டு கழித்துத் திரும்புகிறவரின் பாடும் சுகமில்லை. அவருடைய ஜூனியர்கள் தனி அலுவலகம் போட்டிருப்பார்கள். 2024 ஜூலை 1இல் குற்றவியல் சட்டமே மாறிவிட்டது. கொலைக்கு 302 என்று நாக்கில் ஊறிய எண் இப்போது 103. நேற்றுவரை மனு வாங்கிய கை இன்று மனு எழுதுவதற்கு மனப்பக்குவம் வேண்டும். அது எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

வக்கீலை மாற்ற நினைத்தால், முதலில் அவரிடமே ஆட்சேபம் இல்லை என்று எழுதி வாங்குங்கள். மறுத்தால் நீதிமன்ற அனுமதி கேட்கலாம். புது வக்கீலுக்குப் பணமில்லையென்றால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் தருவார்கள். தொலைபேசி எண் 15100.