வீடியோ அப்புறம், விண்ணப்பம் முதலில்

“இதைக் கண்டுபிடிச்சது நான்தான்னு சொல்ல, யூடியூப்ல போட்ட தேதியே எனக்கு ஆதாரம் இல்லீங்களா?”

கண்டுபிடிப்புகளுக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பம் போட்டுத் தரும் பேட்டன்ட் ஏஜென்டாக இருப்பவனிடம் இந்தக் கேள்வியைக் கேட்காத வாரம் இல்லை. ஒவ்வொருவரையும் உட்கார வைத்துச் சொல்வதைவிட எழுதியே போட்டுவிடலாம் என்று தோன்றிவிட்டது. கடைசியாகக் கேட்டவர் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் மரப்பட்டறை வைத்திருப்பவர். அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்.

இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் கிடந்த தன் அம்மாவுக்காக அவர் ஒரு கட்டில் செய்திருந்தார். வீட்டுக்கே வந்து எக்ஸ்ரே எடுப்பவர்கள் ஒவ்வொரு முறையும் அந்தம்மாவைத் தூக்கித்தான் படம் பதியும் தகட்டை அடியில் வைக்க வேண்டியிருந்தது. வலியில் துடிப்பார்களாம். இவர் மெத்தைக்கு அடியில் மெல்லிய ப்ளைவுட் போட்டு, அதற்குக் கீழே பக்கவாட்டில் இழுக்கும் தட்டு ஒன்று வைத்தார். தகட்டை வைத்து உள்ளே தள்ளி, கைப்பிடியை அரைச் சுற்றுத் திருகினால் தட்டு மேலே எழும்பி ப்ளைவுட்டோடு ஒட்டி நிற்கும். சரியான இடத்துக்கு வந்ததும் ஒரு சின்ன பச்சை விளக்கு எரியும். தகடு உடம்பை நெருங்கி இருந்தால்தான் படம் கலங்காமல் விழும். தட்டு வைத்த ஸ்ட்ரெச்சர்கள் ஆஸ்பத்திரிகளில் ஏற்கெனவே உண்டு. ஆனால் வீட்டுக் கட்டிலில், ஒரே திருகலில் எழும்பும் இந்த அமைப்பு எனக்குப் புதிதாகத்தான் பட்டது.

சித்திரையில் வீடியோ போட்டுவிட்டார். கைப்பிடி, உள்ளே சுழலும் பல்சக்கரம், எல்லாம் பக்கத்தில் வைத்துக் காட்டியிருந்தார். வேறொரு கடைக்காரர் அதே கட்டிலை விற்க ஆரம்பித்ததும், ஓணம் கழிந்து என்னிடம் வந்தார். நான் தேடிப் பார்த்ததில் அவருடைய விண்ணப்பத்துக்கு எதிராகக் கிடைத்த முதல் சான்று அவருடைய வீடியோதான்.

இதைத்தான் எத்தனை முறை சொன்னாலும் நம்ப மறுக்கிறார்கள். யார் முதலில் கண்டுபிடித்தார் என்பதற்கான பரிசு இல்லை காப்புரிமை. விண்ணப்பம் போடும் நாளில் அந்த விஷயம் உலகத்தில் எங்குமே வெளியாகியிருக்கக் கூடாது. வெளியிட்டது அடுத்தவராக இருந்தாலும் சரி, நீங்களாகவே இருந்தாலும் சரி. வீடியோவில் இருக்கும் தேதி “அந்த நாளிலிருந்தே இது ஊருக்குத் தெரியும்” என்று உங்களுக்கு எதிராகத்தான் சாட்சி சொல்லும். வாட்ஸ்அப் குழுவில் படம் போடுவதும், விற்பனைக்கு வைப்பதும் இதே வம்புதான். வரைபடத்தை ரிஜிஸ்டர் தபாலில் தனக்கே அனுப்பிப் பிரிக்காமல் வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். அந்த உறையால் காப்புரிமை கிடைக்காது.

“ஒரு வருஷம் டைம் இருக்குன்னு சொன்னாங்களே?” அது அமெரிக்கச் சட்டம். கண்டுபிடித்தவரே வெளியிட்டால் அங்கே ஒரு வருட அவகாசம் உண்டு. நம் 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 31-ஆம் பிரிவில் 12 மாதச் சலுகை இருப்பது உண்மை. ஆனால் அது மத்திய அரசு அரசிதழில் அறிவித்த கண்காட்சிகளுக்கும், அறிஞர் சங்கங்களில் படிக்கும் கட்டுரைகளுக்கும்தான். கோயம்புத்தூரில் ஸ்டால் போட்டேன் என்பதற்காக அந்தச் சலுகை தானாக வந்துவிடாது.

பெரிய நிறுவனங்கள் எப்படி நடந்துகொண்டன என்று பாருங்கள். அமெரிக்கப் பொறியாளர் ஜாக் கில்பி ஒருங்கிணைந்த சுற்றை, அதாவது இன்றைய சிப்பின் முன்னோடியை, தன் நிறுவனத்துக்குள் இயக்கிக் காட்டியது 1958 செப்டம்பர். விண்ணப்பம் 1959 பிப்ரவரி. உலகத்துக்கு அறிவித்தது மார்ச். சிடி ஸ்கேனுக்கு, அதை உருவாக்கிய ஹவுன்ஸ்ஃபீல்டு பெயரில் பிரிட்டனில் 1968-லேயே விண்ணப்பம் போய்விட்டது, ஊருக்குச் சொன்னதோ 1972-இல். எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்த ரான்ட்ஜன் அதைக் காப்புரிமை இல்லாமல் விட்டார் என்றால் அது அவர் தெரிந்தே எடுத்த முடிவு. எல்லோருக்கும் கொடுக்க நினைத்துக் கொடுங்கள், கும்பிடுகிறேன். தெரியாமல் இழப்பதைத்தான் பார்க்கப் பொறுக்கவில்லை.

மருத்துவம் சார்ந்து வருபவர்கள் இன்னொன்றும் கவனியுங்கள். நோயைக் கண்டறியும் முறை, சிகிச்சை முறை இரண்டுக்கும் இங்கே காப்புரிமை கிடையாது, கருவிக்கு உண்டு. வெறும் மென்பொருளாக, கணக்கீட்டு முறையாக மட்டும் கொண்டுவந்தாலும் நிற்காது. நாற்காலி, அலமாரியின் தோற்றம்தான் புதிது என்றால் காப்புரிமை வேண்டாம், டிசைன் பதிவு போதும். பத்து வருடம், நீட்டித்தால் இன்னும் ஐந்து. அதற்கும் முன்கூட்டியே வெளியிடாத வடிவமாக இருக்க வேண்டும்.

சரி, என்ன செய்ய வேண்டும்? பொருள் முழுசாக முடியும்வரை காத்திருக்காதீர்கள். எப்படி வேலை செய்கிறது என்று விளக்க முடிகிற நிலைக்கு வந்ததுமே தற்காலிக விவரக்குறிப்போடு, அதாவது கண்டுபிடிப்பை விளக்கும் முதற்கட்டக் குறிப்போடு, விண்ணப்பித்துவிடுங்கள். தனிநபருக்கு இணையம் வழியாக அரசுக் கட்டணம் 1,600 ரூபாய். தேதி உங்களுடையது, முழு விவரக்குறிப்புக்கு 12 மாதம் இருக்கிறது. கேரளாவில் இருக்கிறோமே என்று குழம்ப வேண்டாம், நம் விண்ணப்பங்களும் சென்னை கிண்டியில் இருக்கும் காப்புரிமை அலுவலகத்துக்குத்தான் போகின்றன. விவரக்குறிப்பு ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருக்க வேண்டும். நீங்கள் தமிழிலோ மலையாளத்திலோ எழுதி வாருங்கள், மாற்றுவது எங்கள் வேலை. கஞ்சிக்கோட்டுத் தொழிற்கூடங்களில் பாகம் செய்யக் கொடுக்கும் முன் ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குங்கள். பழகிய ஆள் என்று விட்டுவிடாதீர்கள். விண்ணப்பம் மட்டும் போட்டுவிட்டுப் பெட்டியில் “காப்புரிமை பெற்றது” என்று அச்சடிக்காதீர்கள். 120-ஆம் பிரிவின்படி அபராதம் பத்து லட்சம் வரை போகலாம்.

மரப்பட்டறைக்காரருக்கு எழும்பும் தட்டு போனது போனதுதான். பச்சை விளக்கு எரிவது வீடியோவில் தெரிகிறது, ஆனால் தகடு கோணலாக இருந்தால் அதைக் கண்டுபிடிக்கும் சென்சார் சுற்று அதில் இல்லை. அதை மட்டும் தனியாகப் பிரித்து விண்ணப்பம் தயாராகிக்கொண்டிருக்கிறது. அவர் போனில் அந்தச் சுற்றின் வீடியோவும் இருந்தது. விண்ணப்ப எண் கைக்கு வரும்வரை யாருக்கும் அனுப்பாதீர்கள் என்று கெஞ்சிச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.