பின்சக்கர இயக்கம், அனைத்துச் சக்கர இயக்கம்: மின்சாரக் காரில் இவற்றின் பொருள்

ரியர் வீல் டிரைவ் என்பதைத் தமிழில் பின்சக்கர இயக்கம் என்றும், ஆல் வீல் டிரைவ் என்பதை அனைத்துச் சக்கர இயக்கம் என்றும் எழுதலாம். ‘டிரைவ்’ என்றதும் ஓட்டுநர் நினைவுக்கு வருவதால் சிலர் ‘பின்சக்கர ஓட்டம்’ என்று எழுதிவிடுகிறார்கள். அது பொருந்தாது. எஞ்சினோ மோட்டாரோ தரும் விசை எந்தச் சக்கரத்தைச் சுழற்றுகிறது என்பதைத்தான் இந்தச் சொல் குறிக்கிறது. இயங்கு தன்வினை, இயக்கு பிறவினை. விசை பெறும் சக்கரம் இயக்கும் சக்கரம். மற்றவை வண்டி நகர்வதால் உருள்பவை.

ஆல் வீல் டிரைவை ‘நான்கு சக்கர இயக்கம்’ என்று எழுதினால் இரண்டு குழப்பங்கள் வரும். நம் பேச்சில் ‘ஃபோர் வீலர்’ என்றால் எந்தக் காரும்தான். படிப்பவர் ‘நான்கு சக்கர வாகனம்’ என்று எடுத்துக்கொள்வார். இன்னொன்று தொழில்நுட்பம் சார்ந்தது. ஃபோர் வீல் டிரைவ் என்ற பெயர் பெரும்பாலும் ஜீப் வகை வண்டிகளுக்கு வழங்குவது. அவற்றில் டிரான்ஸ்ஃபர் கேஸ் என்ற விசைப் பகிர்வுப் பெட்டி இருக்கும், தேவைப்படும்போது ஓட்டுநரே லீவரைப் போட்டு முன் அச்சையும் இணைப்பார். ஆல் வீல் டிரைவில் அந்த வேலையை வண்டியே பார்த்துக்கொள்ளும்.

அச்சு என்ற சொல்லும் இங்கே முக்கியம். ஆக்சிலுக்குத் தமிழ் தேட வேண்டியதில்லை. உப்பு வணிகர் வழியில் முறிந்தால் உதவும் என்று வண்டியின் அடியில் கட்டிச் சென்ற ‘சேம அச்சு’ புறநானூற்றிலேயே வருகிறது. மின்சாரக் காரைப் புரிந்துகொள்ள சக்கரத்தைவிட அச்சுதான் நல்ல வழிகாட்டி. அனைத்துச் சக்கர இயக்கம் கொண்ட மின்சாரக் காரில் பெரும்பாலும் முன் அச்சுக்கு ஒரு மோட்டார், பின் அச்சுக்கு ஒரு மோட்டார். நடுவே விசையைக் கடத்தும் நீண்ட தண்டான புரொப்பெல்லர் ஷாஃப்ட் கிடையாது. இரண்டையும் இணைப்பவை மின்கம்பிகளும் மென்பொருளும்தான். இந்த அமைப்பை மட்டும் தனியே சொல்ல வேண்டிய இடத்தில் ‘ஈரச்சு இயக்கம்’ என்பது இன்னும் துல்லியமாக இருக்கும்.

அம்பாசிடர் பின்சக்கர இயக்கம் கொண்டது. 1983-இல் வந்த மாருதி 800 முன்சக்கர இயக்கம். எஞ்சின், கியர்பாக்ஸ் எல்லாம் முன்னால் ஒரே கட்டாக உட்கார்ந்துவிட்டதால் செலவும் எடையும் குறைந்தன, உள்ளே இடம் கிடைத்தது, இயக்கும் சக்கரங்களின் மேல் எஞ்சினின் பாரமும் விழுந்தது. சிறிய கார்களில் முன்சக்கர இயக்கம் வென்றதற்கு இவையே காரணங்கள். மின்சாரக் காரில் இவை பெரும்பாலும் அடிபட்டுப்போகின்றன. பேட்டரி தரைக்கடியில் பரந்து கிடப்பதால் எடை முன்னும் பின்னும் ஏறத்தாழச் சமமாகப் பிரிகிறது. மோட்டாரோ சிறியது, எந்த அச்சிலும் உட்காரும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கார் 2,000 கிலோ. எடை பாதிக்குப் பாதி. 0-விலிருந்து மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை 7 விநாடியில் எட்ட வேண்டுமானால், முடுக்கம் விநாடிக்கு விநாடி சுமார் 4 மீட்டர். இதற்கு வேண்டிய தள்ளுவிசை 8,000 நியூட்டன். எடைமையம் தரையிலிருந்து 55 சென்டிமீட்டர் உயரத்திலும், அச்சுகளுக்கு இடையே 2.9 மீட்டர் தூரமும் இருந்தால், முடுக்கும்போது சுமார் 150 கிலோ பாரம் முன்னிலிருந்து பின்னுக்கு நகரும். முன் அச்சில் 850 கிலோ, பின் அச்சில் 1,150 கிலோ. முன்சக்கரம் மட்டும் இந்த விசையைத் தரையில் இறக்க 0.96 உராய்வுக் கெழு (டயருக்கும் சாலைக்கும் உள்ள பிடிப்பின் அளவு) தேவை. பின்சக்கரத்துக்கு 0.71 போதும். நான்கும் தங்கள் பாரத்துக்கேற்பப் பகிர்ந்துகொண்டால் வெறும் 0.41. காய்ந்த தார்ச்சாலையில் சாதாரண டயருக்கு 0.8 அளவில் கிடைக்கும், நனைந்தால் 0.5 பக்கம் இறங்கிவிடும். ஆக, இதே வேகத்தில் கிளம்பினால் முன்சக்கரம் காய்ந்த சாலையிலேயே வழுக்கும். பின்சக்கரம் மழையில் வழுக்கும். அனைத்துச் சக்கர இயக்கம் மழையிலும் பிடிக்கும்.

கார் நிறுவனங்கள் பின்சக்கரத்துக்குத் திரும்பியதன் அடிப்படை இந்தக் கணக்குதான். ஃபோக்ஸ்வாகன் ஐடி.3-இல் மோட்டார் பின்னால் இருக்கிறது. முன்னால் மோட்டார் இல்லாததால் சக்கரம் அதிகம் திரும்ப இடம் கிடைத்து, 10.2 மீட்டர் விட்டத்துக்குள் அந்தக் கார் சுற்றிவிடும். வால்வோ எக்ஸ்சி40-இன் ஒற்றை மோட்டார் மின்சார வகையும் போல்ஸ்டார் 2-வும் முன்சக்கர இயக்கத்தோடு வந்து, 2023-இல் பின்சக்கரத்துக்கு மாறின. 2024 நவம்பரில் சென்னையில் அறிமுகமான மஹிந்திரா பிஇ 6, எக்ஸ்இவி 9இ இரண்டும் பின்சக்கர இயக்கமே.

பின்சக்கர இயக்கத்தின் பலவீனம் ரீஜென் எனப்படும் ரீஜெனரேட்டிவ் பிரேக்கிங்கில் தெரியும். ஆக்சிலரேட்டரை விட்டதும் மோட்டார் ஜெனரேட்டராக மாறி வண்டியை மட்டுப்படுத்துகிறதே, அப்போது பாரம் முன்னுக்குப் போய்ப் பின் அச்சு இலேசாகிவிடும். வழுக்கும் சாலையில் பின்சக்கரம் மட்டும் வலுவாக மட்டுப்பட்டால் வண்டியின் பின்புறம் பக்கவாட்டில் விலகும். அதைத் தவிர்க்க மென்பொருள் ரீஜென்னைச் சட்டென்று குறைக்கும். வண்டி ஒரு கணம் விடுபட்டு ஓடுவதுபோல் தோன்றும். அடைமழையில் ரீஜென்னைக் குறைந்த நிலையில் வைத்துக்கொண்டு பிரேக் மிதியை நம்புவது நல்லது. ஈரச்சு இயக்கத்தில் இரண்டு மோட்டார்களும் பகிர்ந்து மட்டுப்படுத்துவதால் இந்தச் சிக்கல் பெருமளவு குறைகிறது. என் பார்வையில் இரண்டாவது மோட்டாரின் பெரிய பயன் இதுதான். விளம்பரங்கள் இதைப் பேசுவதேயில்லை.

அதற்கு விலையும் உண்டு. இன்னொரு மோட்டார், பேட்டரியின் நேர்மின்சாரத்தை மோட்டாருக்கான மாறுமின்சாரமாக்கும் இன்வெர்ட்டர், வேகத்தைக் குறைக்கும் பற்சக்கரம், அதற்கான எண்ணெய், குளிரூட்டும் குழாய்கள் என எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ நூறு கிலோ கூடும். ஒரே 82.56 கிலோவாட் மணி பேட்டரி கொண்ட பிஒய்டி சீல் காரில், ஒருமுறை சார்ஜ் செய்தால் ஓடும் என்று இந்தியாவில் அறிவித்த தூரம் பின்சக்கர வகைக்கு 650 கிலோமீட்டர், அனைத்துச் சக்கர வகைக்கு 580. நிலைக்காந்த மோட்டார் (நிரந்தரக் காந்தம் கொண்டது), அதற்கு மின்சாரம் தராவிட்டாலும் சுழலும்போது வண்டியைக் கொஞ்சம் பின்னிழுக்கும். இதைச் சமாளிக்க இரண்டு வழிகள் உள்ளன. ஹூண்டாயின் ஐயோனிக் 5 ஈரச்சு வகையில் முன் மோட்டாரை அச்சிலிருந்து கழற்றிவிடும் கிளட்ச் இருக்கிறது. டாடா ஹாரியர் மின்சாரக் காரின் ஈரச்சு வகையில் பின்னால் நிலைக்காந்த மோட்டாரும், முன்னால் காந்தமில்லாத தூண்டல் மோட்டாரும் இருக்கின்றன. தூண்டல் மோட்டாரை அணைத்துவிட்டால் இழுப்பு மிகக் குறைவு.

ஆகவே பல மின்சாரக் கார்களில் அனைத்துச் சக்கர இயக்கம் என்பது வேண்டும்போது கிடைக்கும் வசதி. சமமான நெடுஞ்சாலையில் அவை பெரும்பாலும் பின்சக்கர இயக்கமாகவே ஓடும். நடுத்தர விலைக் கார்களில் பின்சக்கரம் அடிப்படையாகவும், முன் மோட்டார் கூடுதல் விலைக்குக் கிடைப்பதாகவும் நிலைத்துவிடும் என்று நினைக்கிறேன். சிறிய, விலை குறைந்த கார்களில் முன்சக்கரம் தொடரும். அனைத்துச் சக்கர இயக்கம் என்ற பெயருக்கு முழுதும் பொருந்துபவை சக்கரத்துக்கு ஒரு மோட்டார் கொண்ட ரிவியன் ஆர்1டி, 2024-இல் வந்த மெர்சிடிஸ் ஜி 580 போன்றவை.

அனைத்துச் சக்கர இயக்கம் கிளம்புவதற்கு உதவும். அவசரமாக நிற்பதற்கும் வளைவில் பிடிப்பதற்கும் டயர்தான் கதி. பின்சக்கரக் காரில் பின் டயர்கள் சீக்கிரம் தேயும். இரண்டு மட்டும் மாற்றுவதென்றால் புதியவற்றைப் பின்னால் போட வேண்டும். ஈரச்சுக் காரில் நான்கும் நிறுவனம் சொன்ன அளவில், ஒரே வகையில் இருக்கட்டும். தேய்மானம் மிகவும் வேறுபட்டால் சக்கர வேகத்தைப் பார்க்கும் உணரிகளின் கணக்குப் பிசகும்.

வண்டி நின்றுபோனால் கயிறு கட்டி இழுக்க விடாதீர்கள். இயக்கும் சக்கரம் தரையில் உருண்டால் மோட்டார் மின்சாரம் உண்டாக்கி இன்வெர்ட்டரைக் கெடுக்கலாம். பின்சக்கரக் காரின் முன்பக்கத்தை மட்டும் தூக்கி இழுப்பதும் அதே ஆபத்துதான். நான்கு சக்கரமும் மேலேறும் தட்டையான மேடை கொண்ட ஃப்ளாட்பெட் லாரியைக் கேட்டு வாங்குங்கள்.